சாலையைக் கடந்த சந்தை

சிங்கப்பூரில் செலிகி சாலை முடிந்து சிராங்கூன் சாலை தொடங்கும் முனையில், வலக்கைப் பக்கம் ஒரு மனை இருக்கிறது. 1915இல் அங்கே ஒரு சந்தையைக் கட்டினார்கள். 1982இல் அந்தச் சந்தை சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனது. இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 2003இல், காலியான அந்தப் பக்கத்தில் குளிரூட்டப்பட்ட கடைத்தொகுதி ஒன்று திறந்தது. தேக்கா மால் என்று பெயர். 2017இல் அதை மூடி இடித்தார்கள். சந்தை அந்த மண்ணில் இருந்தது 67 ஆண்டுகள். கடைத்தொகுதி இருந்தது 14.

கடைத்தொகுதிகள் நொடிப்பதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் சொல்லப்படும். கட்டடம் பழசாகிவிட்டது என்பது ஒன்று, மக்கள் கைப்பேசியிலேயே வாங்கப் பழகிவிட்டார்கள் என்பது மற்றொன்று. தேக்கா மாலுக்கு முதல் காரணம் சுத்தமாகப் பொருந்தாது. பதினான்கு வயதில் எந்தக் கட்டடமும் கிழடாவதில்லை. இரண்டாவது ஓரளவு பொருந்தும். ஆனால் அதே கைப்பேசிக் காலத்தில்தான் எதிர்ப்பக்கத்து ஈரச்சந்தையில் ஆட்டிறைச்சிக்கும் மீனுக்கும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கேம்பல் லேனில் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் நெரிந்தது. ஆள் இல்லாத ஊரில் கடை வைத்து நொடித்தவர்களை எல்லாருக்கும் தெரியும். ஊரிலேயே அதிக ஆள் கூடும் தெருமுனையில் கடை வைத்து நொடித்த கதை இது. அதனால்தான் இதை நிதானமாகப் பார்க்கத் தோன்றுகிறது.

முதலில் பெயர்கள். பழைய சந்தையின் அதிகாரப்பூர்வப் பெயர் கண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைக் கொட்டில் என்று பொருள். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பும் புல்லும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே மாட்டு வணிகத்தை வளர்த்தன. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, மாட்டு வணிகர் பெயரைத் தாங்கிய பெலிலியோஸ் சாலை எல்லாம் அந்தக் காலத்து எச்சங்கள். கேகே மருத்துவமனையின் இரண்டு எழுத்துகளும் அந்தக் கொட்டிலிலிருந்து வந்தவைதான். 1966இல் ஒரே ஆண்டில் 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸில் இடம்பிடித்த மருத்துவமனை அது. இன்று அறுபதை நெருங்கும் சிங்கப்பூரர்களில் கணிசமானோர் எருமைக் கொட்டிலில் பிறந்தவர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அதிகாரப் பெயர் இப்படி இருக்க, மக்கள் வைத்த பெயர் வேறு. சிறுமூங்கில் அடிவாரம் என்று பொருள்படும் ஹொக்கியன் சொற்றொடர் தேய்ந்து தேக்கா ஆனது. சீனர் வாயில் பிறந்த சொல்லைத் தமிழர் எடுத்துக்கொண்டு, சந்தைக்கு மட்டுமல்லாமல் வட்டாரம் முழுவதற்கும் சூட்டிவிட்டார்கள். இங்குள்ள தமிழர் பேச்சில் லிட்டில் இந்தியா என்ற பெயர் குறைவாகத்தான் வரும். அது சுற்றுலாப் பயணிக்கான பெயர். நமக்குத் தேக்கா.

1982இல் எதிர்ப்பக்கம் புதிய சந்தைக் கட்டடம் திறந்தபோது அதற்கு ஜுஜியாவ் நிலையம் என்று பெயரிட்டார்கள். தேக்காவின் சீன எழுத்துகளை மாண்டரினில் வாசித்தால் வரும் ஒலி அது. பொருள் மாறவில்லை, ஆனால் அந்த ஒலி ஹொக்கியன் பாட்டிக்கும் புரியவில்லை, தமிழ் ஆத்தாவுக்கும் நாவில் நிற்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் பெயர்ப்பலகை ஒன்று சொல்ல, டாக்சியில் ஏறுபவர் வேறொன்று சொன்னார். 2000இல் பெயர்ப்பலகை தோற்றது. கட்டடம் தேக்கா நிலையம் ஆனது.

இந்தப் பாடம் எதிர்ப்பக்கத்தில் கட்டியவர்களுக்குத் தொடக்கத்தில் தெரிந்தே இருந்தது. அதனால்தான் 2003இல் தேக்கா மால் என்று வைத்தார்கள். சில ஆண்டுகளில் அதை மறந்தார்கள். இளையர்களை இழுக்க வேண்டும், சந்தை வாடை போக வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, கட்டடம் ‘தி வெர்ஜ்’ ஆனது. துணைக் கட்டடம் ‘சில் அட் தி வெர்ஜ்’. விளிம்பு என்று பொருள். ஒரு வணிக வளாகத்துக்கு விளிம்பு என்று பெயர் வைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். 2020இல் அதே முகவரியில் எழுந்த புதிய கட்டடத்தின் பெயர் தேக்கா பிளேஸ். இரண்டு பக்கமும் ஒருமுறை விலகிப்போய், இரண்டு பக்கமும் அதே ஹொக்கியன் மூங்கிலடிக்கே திரும்பின.

பெயர் ஓர் அறிகுறிதான். நோய் வேறு இடத்தில் இருந்தது.

1982இல் சந்தை சாலையைக் கடந்தபோது எவையெல்லாம் சேர்ந்து கடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர்கள் கடந்தார்கள், அவரவர் வாடிக்கையாளர்களும் கூடவே வந்தார்கள். சிங்கப்பூர் முழுவதும் தெருவோர அங்காடிக்காரர்களைக் கட்டடங்களுக்குள் கொண்டுவரும் பெரும்பணி அப்போது நடந்துகொண்டிருந்தது. 1986 பிப்ரவரிக்குள் உரிமம் பெற்ற எல்லாத் தெரு வணிகரும் குடியமர்த்தப்பட்டார்கள். தேக்கா நிலையம் அந்தப் பணியின் ஒரு பகுதி. கீழே ஈரச்சந்தையும் உணவங்காடியும், மேல்மாடியில் சேலைக் கடைகளும் தையற்காரர்களும், அடுத்தாற்போல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள். மாவரைத்து வைத்திருப்பவர், முருங்கைக்கீரை கட்டுபவர், ரவிக்கை தைப்பவர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ். ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நுழைந்தால் ஆட்டிறைச்சி வாங்கி, பரோட்டா தின்று, ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு வெளியே வரலாம். இந்த ஏற்பாட்டை எந்தச் சந்தை ஆய்வு நிறுவனமும் வரைந்து கொடுக்கவில்லை. தெருவில் பல்லாண்டுகள் பழகிய வரிசை அப்படியே மாடிப்படி ஏறியது.

எதிர்ப்பக்கத்தில் எழுந்த கட்டடம் இன்னொரு குலத்தைச் சேர்ந்தது. நாலுபுறமும் சுவர் எழுப்பி, உள்ளே குளிரூட்டி, நடுவில் முற்றம் விட்டு, பெரிய கடை ஒன்றை நங்கூரமாக வைத்துச் சின்னக் கடைகளை அதன் வழியில் அடுக்கும் முறையை அமெரிக்காவில் நிறுவியவர் வியன்னாவிலிருந்து போன கட்டடக் கலைஞர் விக்டர் குரூயன். மினசோட்டா மாநிலத்தில் 1956இல் அவர் திறந்த சவுத்டேல்தான் இன்றைய மால்களின் மூதாதை. தெருவில்லாத புறநகர்களுக்கு ஒரு தெருவை உண்டாக்கித் தருவதே அவர் எண்ணம். தாம் விதைத்தது வெறும் வணிகப் பெட்டிகளாக வளர்ந்ததைக் கண்டு பிற்காலத்தில் அவரே அதைக் கைகழுவினார். தெருவே இல்லாத இடத்துக்கான மருந்தைத் தெருக்களால் நிறைந்த இடத்தில் கொடுத்ததுதான் சிராங்கூன் சாலையில் நடந்தது. பக்கத்திலேயே ஹேஸ்டிங்ஸ் சாலை, கேம்பல் லேன், டன்லப் ஸ்திரீட். 1989 ஜூலையில் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட கடைவீடுகள் அவை. அவற்றின் அஞ்சடி நடைபாதைகளில் பூ, தேங்காய், நகை, பித்தளை விளக்கு எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில். வெயிலுக்குக் கூரை, மழைக்கும் கூரை. அதைத் தாண்டி ஒருவர் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போக வேண்டுமானால் தெருவில் கிடைக்காத ஏதோ ஒன்று உள்ளே இருக்க வேண்டும்.

என்ன இருந்தது? ஷெங் சியோங் பேரங்காடி இருந்தது. அக்கம்பக்கக் குடும்பங்களுக்கும் ஊழியர்களுக்கும் கட்டுப்படியாகும் விலை. ஆனால் பேரங்காடிக்கு வருபவர் அரிசி மூட்டையோடு வீட்டுக்குத்தான் போவார், மூட்டையைச் சுமந்துகொண்டு மாடி ஏறிச் சட்டை பார்க்க மாட்டார். கணினி, மின்னணுக் கடைகளைக் கொண்டும் முயன்றார்கள். ஐந்து நிமிட நடையில் சிம் லிம் ஸ்குவேர் இருக்கும்போது அது எடுபடவில்லை. அந்த சிம் லிம்முக்கே பிறகு கெட்ட காலம் வந்தது. 2014இல் சில கடைக்காரர்கள் வாடிக்கையாளர்களை ஏமாற்றிய விவகாரம் உலகச் செய்தியானது. மின்னணுப் பொருள் விற்பனை இணையத்துக்குப் போனது. 2019இல் மொத்தக் கட்டடத்தையும் 125 கோடி வெள்ளிக்கு ஏலத்துக்கு விட்டும் வாங்க ஆளில்லை.

ரயில் பாதையும் மாலுக்குக் கைகொடுக்கவில்லை. வடகிழக்குப் பாதையின் லிட்டில் இந்தியா நிலையம் 2003 ஜூன் 20இல் திறந்தது. தேக்கா மாலும் அதே ஆண்டுப் பிள்ளை. நிலையத்தின் வாசல் பஃபலோ சாலையில், தேக்கா நிலையத்தின் முதுகுப்பக்கம் திறக்கிறது. ரயிலை விட்டு ஏறி வருபவர் முகத்தில் முதலில் அடிப்பது காய்கறிக் கடையின் கறிவேப்பிலை மணம். மாலுக்குப் போக அவர் சந்தையைத் தாண்டி, சிராங்கூன் சாலையையும் கடக்க வேண்டும். மாலுக்கு அருகே வந்த ரோச்சோர் நிலையம் திறந்தது 2015 டிசம்பர் 27இல். அதற்குள் மாலுக்கு மிச்சமிருந்தது இரண்டு ஆண்டுக்கும் குறைவு.

இதற்கெல்லாம் மேலே ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இருக்கிறது. தேக்காவின் பொருளியலே ஞாயிற்றில்தான் நிற்கிறது. தமிழகத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த கட்டுமான, கப்பல்பட்டறை ஊழியர்கள் பல்லாயிரக்கணக்கில் அன்று இங்கே கூடுவார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, போன் பழுதுபார்க்க, கோழிக்குழம்பு சாப்பிட என்று வேலைகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஊர்க்காரனைப் பார்க்க வேண்டும். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர் இந்த மரத்தடி, மன்னார்குடிப் பக்கத்துக்காரர் அந்த முனை என்று யாரும் எழுதி வைக்காத இட ஒதுக்கீடு உண்டு. மாலின் கணக்குப்படி பார்த்தால் இவர்கள் விநோதமான வாடிக்கையாளர்கள். நேரம் முழு நாளும் இருக்கும். கையில் காசும் இருக்கும். ஆனால் அந்தக் காசு ஊரில் ஒரு தங்கையின் கல்யாணத்துக்கோ ஒரு கடனுக்கோ ஏற்கெனவே பேசிவைக்கப்பட்டது. அவருக்கு வேண்டியது உட்கார ஓரிடம். மாலில் உட்கார வேண்டுமென்றால் காப்பி வாங்க வேண்டும். புல்தரையில் அந்தத் தொல்லை இல்லை. ஊரிலேயே பெரிய கூட்டம் வாசலில் நின்றும் அது வாசலிலேயே நின்றுவிட்டதற்கு இதுதான் முதற்காரணம் என்று நான் நினைக்கிறேன். இன்னும் சொல்லப்போனால், அந்தக் கூட்டத்தை உள்ளே அழைப்பதா வேண்டாமா என்பதிலேயே மாலுக்குத் தெளிவில்லை. விளிம்பு என்ற பெயர் மாற்றமே இவர்களைத் தாண்டி வேறு யாரையோ பார்த்துக் கையசைத்ததுதானே.

2013 டிசம்பர் 8 இரவு ரேஸ்கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சேருமிடத்தில் தனியார் பேருந்து மோதித் தமிழக ஊழியர் ஒருவர் இறந்தார். தொடர்ந்து கலவரம் மூண்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன் அறிக்கை 2014இல் வந்தது. 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் தனி வட்டாரங்களாக வகுத்தது. நாடு முழுவதும் இரவு 10.30 மணிக்கு நிற்கும் சில்லறை மது விற்பனை, இங்கே வார இறுதியில் இரவு 7 மணிக்கே நிற்கும். ஊழியரை ஏற்றிவரும் பேருந்துகள் குறைக்கப்பட்டன. தீவின் ஓரங்களில் பெரிய தங்கும் விடுதிகளும் அவற்றை ஒட்டிக் கடைகளும் பொழுதுபோக்கு நிலையங்களும் பெருகின. ஞாயிறு தேக்காவை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. குறைந்த வாடகை கொடுக்கும் சந்தைக் கடையும் சொந்தக் கடைவீட்டில் இருப்பவரும் அதைத் தாக்குப்பிடித்தார்கள். மின்தூக்கி, குளிரூட்டி, காவலர், துப்புரவு எல்லாவற்றுக்கும் மாதாமாதம் அளந்து கொட்ட வேண்டிய கட்டடத்துக்கு அது தாங்காது.

வடக்கே கிச்சனர் சாலையில், ஒரு காலத்தில் நியூ வேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா இருந்த இடத்தில், சிட்டி ஸ்குவேர் மால் 2009இல் திறந்திருந்தது. குளிர்ச்சியும் கண்ணாடியும் தேடும் குடும்பங்கள் அங்கே போயின. தெருவுக்கும் இந்த மாலுக்கும் நடுவில் அகப்பட்டது வெர்ஜ்.

எதிர்க்கேள்வி ஒன்று எழும்: சுவர் எழுப்பிக் குளிரூட்டிய கட்டடம் இந்த வட்டாரத்துக்கே ஒத்துவராது என்றால் இங்கேயே இருக்கும் முஸ்தஃபா கடை எப்படி நிலைத்தது? நியாயமான கேள்வி. முஸ்தாக் அகமதுவின் குடும்பம் 1971இல் கேம்பல் லேனில் துணிக்கடையாகத் தொடங்கியது. 1985இல் அந்த இடத்தைவிட்டு வெளியேற வேண்டி வந்தபோது சிராங்கூன் பிளாசாவுக்குப் போனார்கள். அதுவும் ஒரு பழைய கடைத்தொகுதிதான். 1995இல் சையது ஆல்வி சாலையில் சொந்தக் கட்டடம் கண்டார்கள். 2003 முதல் கொவிட் காலம்வரை 24 மணி நேர வணிகம். சிராங்கூன் பிளாசா பின்னாளில் இடிபட்டு இன்று அங்கே சென்ட்ரியம் ஸ்குவேர் நிற்கிறது, முஸ்தஃபாவோ இருக்கிறது. உள்ளே போனவர்களுக்குத் தெரியும், அது மால் அல்ல. முற்றம் கிடையாது, உட்கார இடம் கிடையாது, அகலமான நடைபாதை கிடையாது. கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஊறுகாய், அதைத் தாண்டினால் தங்கம், கீழே பெட்டி, நாணய மாற்று. சிராங்கூன் சாலையின் நெரிசலை அப்படியே மடித்து ஒரு கட்டடத்துக்குள் அடைத்தது போல இருக்கும். மாலின் இலக்கணப்படி எல்லாமே பிழை. பிழை செய்தவர் நிலைத்தார்.

நகரத்தின் மற்றப் பழைய கடைத்தொகுதிகளோடு ஒப்பிட்டால் இன்னொரு விஷயம் துலங்கும். 1967இல் தொடங்கிய அரசாங்க நில விற்பனைத் திட்டத்தில் எழுந்த முதல் தலைமுறைக் கட்டடங்கள், சைனாடவுனின் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்சும் கடற்கரைச் சாலையின் கோல்டன் மைல் காம்ப்ளெக்சும், 1973இல் முடிந்தவை. வில்லியம் லிம், டே கெங் சூன், கோ சியாவ் சுவான் மூவரின் டிசைன் பார்ட்னர்ஷிப் வரைந்தவை. அவற்றில் கடைகள் தனித்தனியாக விற்கப்பட்டன. ஒவ்வொரு கடைக்கும் ஒரு முதலாளி. யாரும் யாரையும் ஒழுங்குபடுத்த முடியாது. ஒருவர் தையல், அடுத்தவர் தாய்லாந்து மளிகை, அதற்கடுத்தவர் பேருந்துப் பயணச்சீட்டு. கூரை ஒழுகினால் பழுதுபார்க்கப் பணம் சேராது. அழுக்கும் ஏறும். ஆனால் அந்த அழுக்கில்தான் கோல்டன் மைல் பல்லாண்டுகள் ஒரு குட்டித் தாய்லாந்தாக வாழ்ந்தது.

இத்தகைய கட்டடங்களை மொத்தமாக விற்க எல்லா உரிமையாளரும் ஒப்ப வேண்டும் என்ற நிலையை 1999ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மாற்றியது. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடமானால் 80 விழுக்காடு போதும். இந்தக் கூட்டு விற்பனைச் சட்டம் சிங்கப்பூரின் வீதிகளை மாற்றிய அளவுக்கு எந்தக் கட்டடக் கலைஞரும் மாற்றவில்லை. 80 கோடி வெள்ளிக்கு விற்க 2018இல் எடுத்த முயற்சி தோற்று, 2021இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் 70 கோடி வெள்ளிக்குக் கைமாறியது கோல்டன் மைல். தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், செலிகி சாலையில், அச்சுக் கடைகளுக்குப் பேர்போன பீஸ் சென்டர் 2021இல் 65 கோடி வெள்ளிக்கு விற்கப்பட்டு 2024 ஜனவரியில் கதவடைத்தது. ஒற்றுமைப்பட முடியாத காலம்வரை இந்தக் கட்டடங்களுக்கு ஆயுள் இருந்தது. உரிமையாளர்கள் ஒற்றுமையான அன்று முடிந்தது. ஒரே உடைமையாக வாடகைக்கு விடப்பட்ட வெர்ஜில் அந்தச் சச்சரவே இல்லை. கணக்கு ஒத்துவராதபோது முடிவெடுக்கக் கூட்டம் கூட்டத் தேவையிருக்கவில்லை.

சென்னைவாசிகளுக்கு இதன் இன்னொரு முகம் தெரியும். அண்ணா சாலையில் 1983இல் தீக்கிரையான பழைய ஸ்பென்சர் கட்டடத்தின் இடத்தில் 1990களின் தொடக்கத்தில் எழுந்த ஸ்பென்சர் பிளாசா, நகரத்துக்கே மால் என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தது. 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தபின் பெருங்கூட்டம் போய்விட்டது. பல கைகளில் பிரிந்து கிடந்ததால் புதுப்பிக்கவும் முடியவில்லை, ஒரேயடியாக மூடவும் முடியவில்லை. சால்வை விற்பவரும் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரும் அங்கே தங்கிப்போனார்கள். சிங்கப்பூரில் அப்படித் தங்கிப்போக நிலத்தின் விலை விடாது.

வெர்ஜ் மூடிய அதே 2017இல், ஜூலை 10ஆம் தேதி, அடுத்திருந்த சுங்கை ரோடு திருட்டுச் சந்தையும் மூடப்பட்டது. 1930களில் தொடங்கிய பழம்பொருள் சந்தை. கூரையில்லை, வாடகையில்லை, தரையில் விரித்த துணிதான் கடை. அதன் கடைசி நாள்களில் நாடே புகைப்படக் கருவியோடு அங்கே திரண்டது. வெர்ஜுக்காக யாரும் அப்படித் திரண்டதாக எனக்கு நினைவில்லை.

லம் சாங் நிறுவனமும் லாசால் முதலீட்டு நிறுவனமும் அந்த மனையில் கட்டிய தேக்கா பிளேஸ், பழைய கணக்கிலிருந்து பாடம் படித்த கட்டடம். கீழ்த்தளங்களில்தான் கடைகள், மேலே 320 அறைகள் கொண்ட சேவைக் குடியிருப்பு. தெரு கைவிட்டாலும் அறை வாடகை காப்பாற்றும் என்ற முன்னெச்சரிக்கை. ஆனால் அது திறந்த 2020இல்தான் கொவிட் வந்து ஊழியர்களைத் தங்கும் விடுதிகளுக்குள் அடைத்தது. 2021 செப்டம்பரில் முன்னோட்டமாக வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் வந்துபோக அனுமதி கிடைத்தது. 2022 ஜூனில் ஞாயிறுகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் கூட்டம் கூடும் நான்கு வட்டாரங்களுக்குச் செல்ல மொத்தம் 80,000 பேர்வரை பதிவு செய்யலாம் என்றானது. ஞாயிறு மெல்லத் திரும்பி வந்தது. முதலில் புல்தரைக்கு, பிறகு அஞ்சடிக்கு.

இப்போது சாலையின் இரண்டு பக்கக் கட்டடங்களுமே தேக்கா என்ற பெயரைச் சுமக்கின்றன. குழப்பம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. “தேக்காவில் நிற்கிறேன், வா” என்று தொலைபேசியில் சொன்னால், எந்தப் பக்கம் என்று இதுவரை ஒருவரும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. நேரே வாழையிலைக் கடைப்பக்கம் வந்து நிற்கிறார்கள்.